பதினாலாம் நம்பர் டியூப்

ஜெயலெட்சுமி ஊசி குத்தினால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது. ஜார்ஜ் டவுன் பர்மா ரோட்டுப் பக்கம் ஒரு லேபில் இருபத்தாறு வருஷமாக ரத்தம் எடுக்கிறாள். மற்றவர்கள் மூன்று இடத்தில் குத்திக் குடைந்து கைவிட்ட கையெல்லாம் கடைசியில் அவளிடம்தான் வரும். கை அவ்வளவு லேசு. வாய் அப்படியில்லை. "டாக்டர் ஸ்கேன் எழுதியிருக்காருல்ல? போனீங்களா அங்கிள்? ரத்தத்தக் குடுத்துட்டு ஓடிடலாம்னு பாக்கிறீங்களா? அதெல்லாம் நடக்காது லா!" என்று வறுத்தெடுத்துவிடுவாள்.

ஊரை இப்படி மிரட்டுகிறவள் தன் விஷயத்தில் செய்ததைக் கேட்டால் நமக்கே கோபம் வரும்.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோதுதான் அவளுக்கு ஈரலைத் தாக்கும் ஹெப்பாடைட்டிஸ் பி கிருமி இருப்பது தெரிந்தது. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கும் என்றார் டாக்டர். பிள்ளைகளுக்குப் பிறந்த கையோடு தடுப்பூசி போட்டாயிற்று. ஆனால் கணவர் தங்கராஜுவைத் தவிர வேறு யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. ரத்தம் எடுக்கிறவளுக்கே ரத்தத்தில் கிருமியாம் என்று ஒரு பேச்சு கிளம்பினால், அப்புறம் யார் கையை நீட்டுவார்கள்?

அந்தப் பயத்தில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தன் லேபை விட்டுவிட்டுப் கடல் பாலம் தாண்டி அக்கரையில் செபராங் ஜெயாவில் ஒரு கிளினிக்கில் ரத்தம் கொடுப்பாள். ஈரலில் புற்றுநோய் வந்தால் ரத்தத்தில் ஏறக்கூடிய ஏ.எஃப்.பி. என்ற ஒன்றை அங்கே பார்ப்பார்கள். கூடவே ஸ்கேனும் எழுதித் தருவார்கள். ஏ.எஃப்.பி. எப்போதும் மூன்று, நான்கு என்றே வரும். "நம்பர்தான் நல்லா இருக்கே" என்று ஸ்கேன் கடிதத்தை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். ஸ்கேன் எடுக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், அங்கே தெரிந்த முகம் குறைந்தது பத்து இருக்கும். கடைசியாக ஸ்கேன் எடுத்து ஆறு வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

போன மார்ச்சில் லேபுக்குப் புதுச் சோதனை ஒன்று வந்தது. பிவ்கா என்று பெயர். அதுவும் ஈரல் புற்றுநோய்க்குத்தான். ஏ.எஃப்.பி.க்குப் பிடிபடாத சில கட்டிகளை இது காட்டிக்கொடுக்கும். புதுச் சோதனை வந்தால் முதலில் நோயில்லாத இருபது பேரின் ரத்தத்தை ஓட்டிப் பார்ப்பது அங்கே வழக்கம். வேறு யார் கிடைப்பார்கள்? வேலை செய்கிறவர்கள்தான். மெஷினைப் பார்த்துக்கொள்ளும் நூர்ஜான், "ஈரல் கோளாறு இருக்கிறவங்க வேணாம், மத்தவங்க எல்லாரும் வாங்க" என்று கூப்பிட்டாள். ஒதுங்கி நின்றால் ஏன் என்று கேட்பார்களே! ஜெயலெட்சுமி சிரித்துக்கொண்டே போய்க் கையை நீட்டினாள். டியூபில் பெயர் கிடையாது, நம்பர் மட்டும். அவளுடையது பதினாலு.

மறுநாள் மத்தியானம் நூர்ஜான் காகிதத்தோடு வந்தாள்.

"அக்கா, பத்தொம்பது பேருக்கு நாப்பதுக்குக் கீழதான். ஒண்ணு மட்டும் முன்னூத்திப் பத்து. திரும்ப ஓட்டினேன், அதேதான் வருது."

"எந்த நம்பர்?"

"பதினாலு. யாரோ ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாங்க போல, அதுக்கும் ஏறும். அதத் தூக்கிப் போட்டுடலாம். சாஹித் வந்ததும் அவன்கிட்ட ஒண்ணு எடுத்துக் குடுங்க, இன்னைக்கே ரிப்போர்ட்ட முடிச்சிடுறேன்."

"சரி" என்றாள் ஜெயலெட்சுமி. அடிப்பாவி, சரி என்றாளே!

சாஹித், கிளினிக்குகளிலிருந்து மோட்டார் சைக்கிளில் ரத்தம் கொண்டுவருகிறவன். வந்து உட்கார்ந்தான். கையில் பட்டையைக் கட்டி நரம்பைத் தடவினாள். அவள் எந்த மாத்திரையும் சாப்பிடுவதில்லை. இந்த ஒரு டியூபை நிரப்பிவிட்டால் பதினாலு குப்பைக்குப் போய்விடும். அவளைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது, செத்தாலும் தெரியாது. பட்டையை அவிழ்த்தாள்.

"போ தம்பி, உன் ரத்தம் வேணாம்."

நேரே நூர்ஜானிடம் போனாள். "நூர், பதினாலு நான்தான் லா. எனக்கு ஹெப்பாடைட்டிஸ் பி இருக்கு. ஸ்கேன் எடுத்து ஆறு வருஷம் ஆச்சு."

நூர்ஜானுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஊருக்கெல்லாம் ஸ்கேன், ஸ்கேன்னு கத்துறீங்களே, உங்களுக்கு யாரு அக்கா கத்துறது?" என்று திட்டினாள். அழுதுகொண்டே போனை எடுத்து அவளே ஸ்கேனுக்குத் தேதியும் வாங்கினாள்.

ஈரலின் வலது ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டரில் ஒரு கட்டி. புற்றுநோய்தான். ஆனால் ஒன்றே ஒன்று, வேறெங்கும் பரவவில்லை. வெட்டி எடுத்துவிட்டார்கள். அப்போதும் ஏ.எஃப்.பி. நான்குதான் இருந்தது.

நாலாம் நாள் வார்டுக்கு வந்த டாக்டர், காயத்தைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகத்தான் கேட்டார். "அம்மாகிட்டருந்து வந்ததுன்னா, கூடப் பிறந்தவங்களுக்கும் இருக்கலாமே. அவங்க டெஸ்ட் பண்ணிட்டாங்களா?"

ஜெயலெட்சுமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாசேக் கெலுகோரில் தம்பி மோகனராஜ் இருக்கிறான். நாற்பத்தெட்டு வயது. அவனிடம் சொன்னால் அவன் மனைவிக்குத் தெரியும், அவளுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும் என்று அவனிடமும் மறைத்திருந்தாள். தன் மானத்தைக் காப்பாற்றுகிற அவசரத்தில் அவன் ஈரலை அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை.

டாக்டர் நகர்ந்ததும் போன் போட்டாள். அம்மாவிலிருந்து ஆரம்பித்து, ஒன்றையும் விடாமல் சொன்னாள். நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்து அவனும் ரத்தம் கொடுத்துப் பார்க்கவேண்டும் என்றாள்.

"இது உனக்கு எப்பக்கா தெரியும்?" என்று கேட்டான் மோகனராஜ்.

"இருபத்திரெண்டு வருஷமா தெரியும்டா."

நாலு திட்டு திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?" என்று மட்டும் கேட்டான்.