கேசரியும் தங்கத் தகடும்

அணு என்பது கேசரி மாதிரி என்றுதான் ஒரு காலத்தில் பெரிய பெரிய விஞ்ஞானிகளே நம்பினார்கள். பாடப்புத்தகத்தில் தர்பூசணி என்று போட்டிருக்கும். கடலூர்க்காரி நான், முந்திரி போட்ட கேசரி என்றுதான் வகுப்பில் சொல்வேன். கேசரி முழுக்க நேர்மின்சுமை, அங்கங்கே செருகிய முந்திரிகள் எலக்ட்ரான்கள். கெட்டியான இடம் என்று எதுவும் கிடையாது.

அப்புறம் ஒரு புரொபசர், மெல்லிய தங்கத் தகட்டின் மேல் ஆல்ஃபா துகள்களை ஏவும்படி தன் உதவியாளர்களிடம் சொன்னார். அநேகமாக எல்லாமே நேராக ஊடுருவிப் போயின. மனுஷன் சும்மா இருக்கமாட்டாமல், எதுவாவது திரும்பி வருகிறதா என்றும் பாருங்களேன் என்றார். வந்தது. எங்கோ ஒன்றிரண்டு, எதிலோ முட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பின. அணுவுக்குள் பெரும்பகுதி வெற்றிடம், நடுவில் மட்டும் துளியூண்டு கெட்டியான கரு இருக்கிறது என்று அப்படித்தான் தெரிந்தது. கேசரி காலி.

சிதம்பரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் செம்மண்டலம் வீட்டில் கேசரிதான். மாப்பிள்ளைக்குக் கடலூர் பக்கத்துச் செம்மங்குப்பத்தில் கெமிக்கல் கம்பெனி வேலை. எனக்கு அந்த வாரம்தான் ஸ்கூலில் ப்ளஸ் ஒன்னுக்கு இயற்பியல் எடுக்கக் கொடுத்திருந்தார்கள். எந்த மாப்பிள்ளைக்காகவும் அதை விடுவதாக இல்லை. ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்ததால், இதுவாவது அமையணுமே என்று அப்பாவுக்குக் கவலை.

தனியாகப் பேச எங்களை மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள். எனக்குச் சமைக்க வராது என்றேன்.

"பரவால்லங்க."

கடலூரிலேயே வீடு பார்க்கலாமா என்றேன்.

"உங்க இஷ்டங்க."

கோபம் ஜாஸ்தி வரும் என்றேன்.

"அதனால என்னங்க."

எதைப் போட்டாலும் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டது. தங்கமான பிள்ளை என்று எனக்கே தோன்றிவிட்டது. படியிறங்கும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்றையும் போட்டுவைத்தேன்.

"கல்யாணத்துக்கு அப்புறமும் ஸ்கூலுக்குப் போவேங்க."

டக்கென்று திரும்பி வந்தது.

"அது அம்மாவுக்குப் புடிக்காது."

"உங்களுக்கு?"

"அம்மாவுக்குப் புடிக்காதுங்க."

அவர்கள் கிளம்பிப் போனதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"அவ்ளோ சாதுவான புள்ளைய ஏண்டி வேணான்ற?"

"சாதுதாம்மா. ஆனா நடுவுல அவுங்கம்மா கெட்டியா உக்காந்திருக்காங்க."

அப்பா எழுந்து அடுக்களைக்குப் போனார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. மீந்த கேசரியை டிபன் பாக்ஸில் அள்ளிப் போட்டு மூடி, என்னிடம் நீட்டினார்.

"நாளைக்கு க்ளாசுக்கு எடுத்துட்டுப் போ."