தும்மலுக்கு ஒரு டீ

எண்பதுகளின் கடைசியில், ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு சிறிய சலவைத்தூள் ஆலையில் நான் கெமிஸ்ட். குழம்புக் கறையைத் தின்றுவிடும் என்சைம் பொடியைத் தூளில் கலந்தோம். மாவைவிட நைசான பொடி. டிரம்மைத் திறந்தாலே கூடமெல்லாம் பறக்கும்.

அதை அள்ளிக் கொட்டும் வேலை உள்ளூர்ப் பெண் ஒருவருடையது. எல்லோருக்கும் அவர் அக்கா. பொடி பறந்ததும் தும்முவார். குழந்தை தும்மினால் ‘நூறு’ என்று வாழ்த்துவோமே, அதையே மூட்டை தைக்கும் ஆண்கள் பந்தயமாக்கினார்கள். அடுத்த தும்மலுக்கு இருநூறு. ஆயிரத்தைத் தொட்டால் டீ அக்காவின் செலவு.

“எண்ணூறோட நின்னுபோச்சு பாரு. எவனுக்கும் டீ கெடையாது.”

“இன்னொரு டிரம் கீதுக்கா. அவசரப்படாத.”

நானும் சேர்ந்து எண்ணினேன். பொடி விற்றவர், மூச்சில் ஏறினால் சிலருக்கு இளைப்பு வரும் என்று என்னிடம் மட்டும் எச்சரித்திருந்தார். முகமூடி கேட்டால் முதலாளி முகம் சுளிப்பாரே என்று பயந்து, சொல்லாமல் இருந்தேன். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் தும்மல் நின்றது.

“இன்னாக்கா, டீக்கு பயந்து தும்மல முழுங்கிக்கினு கீறியா?”

அக்கா வாயைத் திறந்தார், பேச்சு வரவில்லை. நெஞ்சுக்குள் விசில் போல ஒரு சத்தம். டிரம்மைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். மூச்சு திரும்பியதும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “ஞாயித்துக்கெயம நல்லாகீது சார். திங்கக்கெயம இங்க வந்தா புடிச்சிக்குது. வேலைய வுட்டு மட்டும் நிறுத்திடாதீங்க.”

அன்றே முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “இவ்வளவுதானா? முன்னாடியே சொல்றதுக்கு என்ன?” என்றார் அவர். முகமூடி வந்தது. பிறகு, பறக்காத குருணைப் பொடியும் வந்தது. அக்காவை அட்டைப்பெட்டி ஒட்டும் வேலைக்கு மாற்றினோம். ஆனால் அவருடைய நெஞ்சு தூளை மறக்கவில்லை. ஆலை வாசலில் நின்றாலே மூச்சு இளைத்தது. தாம்பரத்தில் ஒரு தையல் வேலைக்குப் போய்விட்டார்.

சில வருடங்கள் கழித்துத் தாம்பரம் மார்க்கெட்டில் அவரைப் பார்த்தபோது, எனக்கு முன்பே தெரியும் என்பதை ஒளிக்காமல் சொன்னேன். வெண்டைக்காய் பொறுக்கிய கை நின்றது.

“தெரிஞ்சிக்கினேதான் எண்ணுனியா நீ?”

“ஆமாம்.”

அக்கா ஒரு வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துவிட்டுக் கூடையில் போட்டார். “பவுடர் பக்கமே போகக்கூடாதுன்ட்டாரு டாக்டரு. வூட்ல என் வூட்டுக்காரருதான் தொவைக்கிறாரு. கறையே போவ மாட்டேங்குது. ஞாயித்துக்கெயம வந்து அவருக்குக் கத்துக்குடு.”

போனேன். கிணற்றடியில் நானும் அவருடைய கணவரும் கட்டி சோப்பும் கையுமாக உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டுப் பெண்கள் சுவர்மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அக்கா எட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

“படிச்சவருதானே சார், காலர நல்லா கசக்குங்க. இன்னும் ஒரு பக்கெட் கீது.”