முதலாளிக்கு ஊற்றிய தண்ணீர்

செய்தி வந்தபோது மணி மூன்றேகால். அவள் கூடத்துத் தரையில் உட்கார்ந்து, மீன் தொட்டிக்கு அடியில் இருந்த அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலையில் கணவர் ஒட்டிவிட்டுப் போன குழாயின் பசை வாடை இன்னும் அடங்கவில்லை. "காயட்டும், கை வெக்காத. சாயங்காலம் வந்து மிச்சத்த மாட்டிடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனார். போனில் அவரோடு வேலை பார்ப்பவர். "அண்ணி, பதறாதீங்க" என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பிக்கிற பேச்சு எங்கே போய் முடியும் என்று யாருக்குத்தான் தெரியாது?

கணவர் லிஃப்ட் மெக்கானிக். எட்டாவது மாடியில் நின்றுபோன லிஃப்டைப் பார்க்கப் படியேறிப் போனவர், பாதி வழியில் படித் திருப்பத்தில் உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. "ஊரையே ஏத்தி இறக்குறேன், எனக்கு மட்டும் லிஃப்ட் கிடையாது. நல்லா ஓடுனா எனக்கு அங்க வேலை இல்ல, நின்னுபோனா நடந்துதான் போகணும்" என்று சொல்லி அவரே சிரிப்பார்.

பெரிய மனிதர் என்று அவரை யாரும் சொல்லமாட்டார்கள். தான் உண்டு, தன் பை உண்டு என்று இருந்தவர். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்டின் சுவரில் காதை வைத்துக் கேட்பார். சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடலாம் என்பார். பாதி நேரம் தப்பாகத்தான் சொல்வார். அப்படிப் போன ஒரு அலுவலகத்தின் முன்கூடத்தில்தான் அந்தக் கடல் மீன் தொட்டியைப் பார்த்தார். உதிரிபாகம் வரும்வரை அதன் முன்னால் உட்கார்ந்தே பொழுதைப் போக்கினார். அலுவலகம் காலியானபோது தொட்டியைத் தூக்கிப் போடப் போவதாகக் கேள்விப்பட்டதும், பல்லைக் காட்டிக் கேட்டு வாங்கிவிட்டார். மீன் இரண்டையும் தண்ணீர்ப் பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

பிள்ளையில்லாத வீடு. அதைப் பற்றி வருகிறவர்கள் வாயெடுக்கும் முன்பே மீனைக் காட்டிப் பேச்சை மாற்றிவிடுவார். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட பெரிய மீனுக்கு 'முதலாளி' என்று பெயர். "இந்த வீட்டுல வேலை செய்யாம சாப்பிடுற ஒரே ஆளு." சின்னது போன மழையில் செத்தது. தொட்டிக்குப் பின்னால் தொங்கிய பழைய வடிகட்டி போதவில்லை, தண்ணீர் கெட்டுவிட்டது என்றார். அதனால்தான் கீழே பெரிதாக ஒன்று வைக்கும் வேலையை எடுத்தார். மேல் தொட்டித் தண்ணீர் குழாய் வழியே கீழே உள்ள கண்ணாடிப் பெட்டிக்கு இறங்கும். துணிப்பையில் அழுக்கைவிட்டு, தடுப்புகளைத் தாண்டி, நுரையைக் கழித்து, கடைசி அறையிலிருந்து மோட்டார் வழியே மறுபடி மேலே ஏறும். "இதுவும் லிஃப்ட்தான்டி, தண்ணிக்கு" என்றார்.

அதிலும் ஒரு கூத்து. அலமாரியின் உள் அளவை மூன்று தடவை எடுத்தவர், கதவு வாயை அளக்கவில்லை. பெட்டி வந்தபோது உள்ளே போகாமல் நின்றது. பக்கப் பலகையைக் கழற்றி நுழைத்தார். "லிஃப்ட்காரருக்கு வாசல் அளவு தெரியல, பாத்தியாடா" என்று அவள் தன் தம்பியிடம் சொல்லிச் சிரித்தது போன வாரம்.

காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் போனபின் தம்பி மட்டும் தங்கினான். அவள் தொட்டியைப் பார்த்தபடியே இருந்தாள்.

"அக்கா, கடைக்காரங்ககிட்ட குடுத்துடலாமா? அவங்க பாத்துப்பாங்க."

"குடுக்கமாட்டேன். அவரு தொட்டு வளத்ததுல உயிரோட இருக்குறது இது ஒண்ணுதான். இதையாவது நான் காப்பாத்தணும்டா."

அவன் சட்டையைக் கழற்றிவிட்டு அலமாரிக்குள் தலையை விட்டான். குழாய்களின் மேல் எது எதோடு சேரும் என்று அவர் பென்சிலால் கோடு இழுத்து வைத்திருந்தார். கோட்டுக்குக் கோடு சேர்த்து ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. அவள் டார்ச்சைப் பிடித்தாள்.

"மூஞ்சில அடிக்காதக்கா, கண்ணு கூசுது."

"வெளக்கு புடிக்கத் தெரியலன்னு அவரும் இதையேதான் சொல்வாரு."

"மச்சான் தப்பா ஒண்ணும் சொல்லலியே."

பசை காய்ந்தபின் மோட்டாரை ஓடவிட்டார்கள். தண்ணீர் சலசலவென்று இறங்கி மறுபடி மேலே ஏறியது. கரண்ட் நின்றால் கீழ்ப்பெட்டி வழிந்துவிடுமோ என்று தம்பிக்கு ஐயம். சுவிட்சை அணைத்தான். மேலிருந்து தண்ணீர் இறங்கிப் பெட்டியில் ஏறி, விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. இருவருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. அன்றைக்கு அவள் ஒரு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டாள். தம்பி ஊருக்குப் போனான்.

திறந்த பெட்டியில் தண்ணீர் வேகமாக வற்றியது. கடைசி அறையில் மட்டம் இறங்கினால் மோட்டார் கொரகொரவென்று சத்தம் போடும். அவள் உடனே ஊற்றிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வாளியில் கடலுப்பைக் கலக்கித் தொட்டித் தண்ணீரை மாற்றுவதைப் பார்த்திருக்கிறாள். அதேபோல் கட்டியில்லாமல் கலக்கினாள். மகராசன் என்ன பதத்தில் கலப்பாரோ அதே பதம். விடிகாலையில் அவள் எழுந்திருக்கும் முன்பே அவர் தொட்டியில் ஒரு செம்பு உப்பில்லாத நல்ல தண்ணீரை ஊற்றிவிட்டுப் பல் தேய்க்கப் போனது அவளுக்குத் தெரியாது. தூங்குகிறவளை எழுப்பிச் சொல்கிற விஷயமாக அவருக்கு அது படவில்லை.

சில வாரத்தில் முதலாளி மூலையில் ஒதுங்கினான். இரை போட்டால் திரும்பிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவான். செவுள் படபடவென்று அடித்துக்கொண்டது. அவள் போன் செய்ததும் தம்பி ஓடிவந்தான். பெட்டியின் விளிம்பெல்லாம் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. விரலை நனைத்து நாக்கில் வைத்தவன் முகத்தைச் சுளித்துத் துப்பினான்.

"அக்கா, வத்துனா எந்தத் தண்ணிய ஊத்துற?"

"உப்புத் தண்ணிதான். கடல் மீனாச்சேடா."

அவன் விளிம்பில் பொரிந்திருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டினான்.

"என்னடா? சொல்லு."

"வத்துறது தண்ணி மட்டும்தான்க்கா. உப்பு எங்கயும் போகாது. அது அங்கயேதான் இருக்கும். நீ மேல மேல..." விரலை வேட்டியில் துடைத்தான். "நானாவது சொல்லியிருக்கணும். எனக்கும் தோணல."

அவள் நல்ல தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாள். தம்பி கையைப் பிடித்துத் தடுத்தான். ஒரேயடியாக ஊற்றினாலும் தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும் என்றான். அன்று பகல் முழுக்கக் கொஞ்சம் எடுப்பதும் கொஞ்சம் ஊற்றுவதுமாக இருந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் மீன் ஒருக்களித்தது. தண்ணீர் ஓட்டத்தோடு நகர்ந்து, கீழே இறங்கும் குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொண்டது.

"அவரு படியில போனாரு. இது என் கையால போச்சு" என்றாள். குரல் உயரவில்லை.

"அக்கா, அப்படிச் சொல்லாத."

"பின்ன எப்படிச் சொல்ல?"

மறுநாள் தம்பி தொட்டியைக் காலி செய்துவிடலாம் என்று ரப்பர் குழாயைப் போட்டான். ஒரு வாளி நிறைந்தது. அவள் வந்து குழாயை மேலே எடுத்துவிட்டாள். "இருக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். மோட்டாரை அணைக்கவும் விடவில்லை.

அந்த ஒரு வாளி போக மீதித் தண்ணீரை இன்னும் இறக்கவில்லை.