நாவூறு படாமல் ஒரு மருத்துவப் படிப்பு

கலியாண வீடுகளில் என்னைக் கண்டால் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். "நீ டொக்டருக்குப் படிக்கப் போறனெண்டெல்லே நிண்டனி, பிறகென்ன நடந்தது?" நான் சிரித்துக்கொண்டே, மார்க்ஸ் போதாமல் போய்விட்டது என்பேன். கேட்டவருக்கும் திருப்தி, எனக்கும் தட்டில் இருக்கிற வடையைச் சூடு ஆறுமுன் சாப்பிட முடியும். உண்மையைச் சொல்ல வெளிக்கிட்டால் அந்தக் கலியாண வீடு கலைந்துவிடும்.

மார்க்ஸ் காணாது என்பதில் பாதி உண்மை இருக்கிறது. டென்மார்க்கில் மருத்துவம் படிக்கப் போவதற்கு இரண்டு வாசல்கள். ஜிம்னாசியம் என்கிற மேல்நிலைப் பள்ளியில் எடுத்த புள்ளிகளின் சராசரி உச்சியில் இருந்தால் முதல் வாசலால் போகலாம். என்னுடைய சராசரி சொந்தக்காரர் மெச்சுவதற்குப் போதும், அந்த வாசலுக்குப் போதாது. இரண்டாவது வாசலுக்குப் பெயர் க்வோட்டே 2. மார்ச் நடுவில் ஒரு நாள் நண்பகலுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். பிறகு ஒரு தேர்வு, அதில் தேறினால் நேர்முகம். ஒரு முறை உள்ளே கால் வைத்துவிட்டால் முதல் பட்டம், அதன் மேலே மருத்துவப் பட்டம் என்று ஒரே இழுப்பில் டொக்டராகத்தான் வெளியே வரலாம். எனக்கு இருந்தது அந்த ஒரு வாசல்தான். அவளுக்கும் அதே வாசல்தான்.

அவள் என் தோழி. வைலே நகரத்தில் ஒரே அடுக்குமாடியில் அவர்கள் மேலே, நாங்கள் கீழே. அவளுடைய அம்மாவும் என் அம்மாவும் ஒரே முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தார்கள். எங்கள் வீட்டுக் குழம்பு பிடிக்காவிட்டால் நான் மேலே ஏறுவேன், அவர்கள் வீட்டுக் குழம்பு பிடிக்காவிட்டால் அவள் கீழே இறங்குவாள். எங்களுக்குள் டெனிஷில்தான் கதை. தாய்மாரைப் பற்றி நொட்டை சொல்வதற்கு மட்டும் தமிழைத் தொடுவோம்.

கடைசி வருடத்து இலையுதிர் காலம் முழுவதும் பள்ளி விட்டதும் நூலகத்துக்குப் போனோம். நேர்முகத்தில் ஓர் அறைக்குள் நடிகர் ஒருவர் காத்திருப்பார், கோபக்கார நோயாளியாகவோ அழுகிற மகளாகவோ நடிப்பார், நாம் அவரோடு கதைத்துச் சமாளிக்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தோம். அதனால் நான் கோபக்காரியாகி மேசையில் தட்டுவேன். அவள் முகம் வெளிறிப்போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பாள். "மன்னிப்புக் கேட்டது காணும், இனி அவருக்கு என்ன நடந்தது என்று கேள்" என்று சொல்லிக் கொடுப்பேன். பதில் சொல்லுமுன் ஒரு மூச்சு விடவும் நான்தான் பழக்கினேன். கதைக்கிற விடயத்தில் நான் அவளைவிட மேல், உயிரியலில் அவள் என்னைவிட மேல். நல்ல சோடி என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். எவ்வளவு ஏமாந்த பேய்ச்சியாக இருந்திருக்கிறேன்.

எங்கள் கட்டடத்தில் மின்தூக்கியைவிட ஒழுங்காக வேலை செய்தது நாவூறுப் பயம்தான். வீடு வாங்குவது, வேலை மாறுவது, கலியாணப் பேச்சு, வயிற்றில் பிள்ளை, எதுவானாலும் காரியம் கைக்கு வந்த பிறகுதான் தமிழ் வீடுகளுக்குத் தெரியவரும். நாலு பேர் வாயில் விழுந்தால் விளங்காது. யாராவது ஒரு பிள்ளையை அளவுக்கு மிஞ்சி மெச்சிவிட்டால், பின்னேரம் செத்தல் மிளகாயும் உப்பும் அடுப்பில் விழும், புகைக்குக் கத்துகிற மணி கத்தும், பக்கத்து வீட்டு டெனிஷ்காரர் வந்து கதவைத் தட்டுவார். நாங்கள் இருவரும் இதைச் சொல்லிச் சொல்லி வயிறு நோகச் சிரித்திருக்கிறோம். ஆனால் பகிடி பண்ணினாலும் எனக்குக் காரணம் விளங்கும். எங்கள் தாய்தகப்பன்மார் யுத்தத்துக்குள் ஊரைவிட்டு வெளிக்கிடும்போது பக்கத்து வீட்டுக்கும் சொல்லாமல் வெளிக்கிட்டவர்கள். அன்று வாயைத் திறந்திருந்தால் இங்கே வந்து சேர்ந்தே இருக்கமாட்டார்கள்.

டிசம்பர் நத்தார் விடுமுறை முடிந்து பள்ளி தொடங்கியபோது அவள் முகம் சரியில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்துகொண்டு, தன்னால் இந்த வருடம் முடியாது என்றாள். தேர்வு, நேர்முகம், கடைசிச் சோதனை எல்லாம் சேர்ந்து தலைக்குள் இடிக்கிறதாம். இரண்டு பேரும் சபாத்தோர் எடுப்போம் என்றாள். ஜிம்னாசியம் முடித்த பிள்ளைகள் ஒரு வருடம் படிப்பைத் தள்ளிவைத்து வேலை செய்வதற்கும் ஊர் சுற்றுவதற்கும் இங்கே அப்படித்தான் பெயர். "முதியோர் இல்லத்தில் வேலை செய்வோம். அந்த அனுபவமும் கணக்கில் வரும். அடுத்த மார்ச்சில் சேர்ந்தே விண்ணப்பம் போடுவோம். நீ தனியே போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?"

அந்தக் கடைசிக் கேள்வியில் நான் விழுந்துவிட்டேன். எனக்கும் உள்ளுக்குள் பயம் இருந்தது, அதுவும் உண்மை. ஆனால் பயத்தோடு போயிருப்பேன், அவள் கேட்டிராவிட்டால் போயிருப்பேன். சரி என்று சொன்னதும் அவள் என் கையைப் பிடித்து இறுக்கினாள். பள்ளி வரும்வரை விடவில்லை.

வீட்டில் இதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. மற்ற நேரங்களில் என் தலைமுடி கொட்டுவதைக்கூட விசாரிக்கிற மனுசி, படிப்பு விடயத்தில் மட்டும் அந்த வருடம் மௌனமாக இருந்தார். எனக்கு அது வசதியாகப் போய்விட்டது.

விண்ணப்பம் மூடுகிற நாளன்று பள்ளிக் கன்ரீனில் இரண்டு பேரும் எதிரெதிரே இருந்து ரொட்டி சாப்பிட்டோம். பன்னிரண்டு அடித்ததும் அவள் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, "முடிந்தது, இனி ஒரு வருடம் நிம்மதி" என்றாள். தன் சொக்கலேட்டை உடைத்துப் பெரிய பாதியை எனக்குத் தந்தாள். நான் நன்றி சொல்லிச் சாப்பிட்டேன்.

வசந்த காலத்தில் ஒரு நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. ஸ்கீவ் நகரில் சொந்தக்காரப் பிள்ளை பெரியவளானதற்குச் சாமத்தியவீடு என்று செய்தி அனுப்பினாள். வேலை நாளில் யார் மண்டபம் எடுத்துச் சாமத்தியவீடு செய்கிறார்கள் என்று ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு உடனே தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. சாறியைக் காட்டு என்று கேட்டேன். நீலச் சாறியோடு படம் வந்தது. வடிவாக இருக்கிறாய் என்று எழுதி அனுப்பினேன்.

ஜூன் வந்தது. இங்கே பள்ளி முடிக்கிறவர்களின் வழக்கப்படி வெள்ளைத் தொப்பி போட்டு, லொறியில் ஏறி, மற்றப் பிள்ளைகளோடு கத்திப் பாடி ஜிம்னாசியத்தை முடித்தோம். ஜூலையில் நான் அம்மா வேலை செய்கிற இல்லத்திலேயே பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தேன். அவளும் ஓகஸ்டில் வந்து சேர்வதாக ஏற்பாடு.

ஜூலை முடியப்போகிற ஒரு காலை, நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது அழைப்புமணி அடித்தது. அன்ரி நின்றார், அதாவது அவளுடைய அம்மா. கையில் பயித்தம் உருண்டை நிரப்பிய ஐஸ்கிரீம் பெட்டி. பின்னால் அவள்.

"அக்கா, உங்களுக்குத்தான் முதன்முதல் கொண்டு வாறன். பிள்ளைக்கு மெடிசின் கிடைச்சிட்டுது. இண்டைக்குத்தான் முடிவு வந்தது. நாவூறு பட்டிடும் எண்டு ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை, குறை நினையாதேங்கோ."

அம்மா அவரைக் கட்டிப்பிடித்தார். "ஓம் ஓம், அதுதான் முறை. நல்லா இருக்கட்டும்." முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. அதை நான் கவனித்தேன், ஆனால் அப்போது யோசிக்க முடியவில்லை. அன்ரி ஓர் உருண்டையை எடுத்துத் தன் கையாலேயே என் வாயில் வைத்தார். "நீதான் பிள்ளை முதல்லை சந்தோசப்படோணும்." விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவள் எங்கள் செருப்பு அடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். எப்போது போட்டாய் என்று கேட்டேன். பெப்ரவரியில், என்றாள். ஸ்கீவ்? அன்று ஓடென்சவில் நேர்முகம். சாறி? அது பழைய படம். கேட்கக் கேட்க எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னாள். நான் பழக்கியபடியே, ஒவ்வொரு பதிலுக்கும் முன் ஒரு மூச்சு விட்டாள்.

"நீ போட்டது உன் விருப்பம். சொல்லாமல் விட்டதையும் பொறுப்பேன். என்னை ஏன் போடவிடாமல் தடுத்தாய்?"

"அம்மாதான், நாவூறு பட்டுவிடும் என்று..." என அவள் தொடங்கினாள். "நீயும் நானும் இருந்து சிரித்தோமே, அந்த நாவூறா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் அழத் தொடங்கினாள். "நேர்முகத்தில் நீ என்னைவிடக் கெட்டிக்காரி. நூலகத்தில் ஒவ்வொரு நாளும் பார்த்தேன். நீயும் வந்தால் எனக்குக் கிடைக்காது என்று பயந்துவிட்டேன். அடுத்த வருடம் உனக்குக் கட்டாயம் கிடைக்கும், நான் உதவி செய்கிறேன்."

நான் சொல்லிக் கொடுத்த வித்தையை என்னிடமே உதவியாகத் தருகிறாளாம். அவளை அடிக்கவேண்டும் போல இருந்தது. அடிக்கவில்லை. கதவைத் திறந்து, போ என்றேன். அதற்குப் பிறகு இன்றுவரை அவளோடு நான் கதைத்ததில்லை.

அடுத்த மார்ச்சில் தனியே விண்ணப்பித்தேன், நேர்முகம் வரை போனேன். நடிகர் இருந்த அறைக்குள் போனதும் என் வாய் கட்டிப்போய்விட்டது. எதிரில் இருந்த மனிதர் எதைச் சொன்னாலும், இவர் பொய் சொல்கிறார், நம்பாதே என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. எனக்கு இயல்பாக வந்த ஒன்றே ஒன்றை அவள் தட்டிப் பறித்துவிட்டாள். இப்போது எஸ்பியர்க்கில் ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிக்கிறேன். குழாய்க்குள் இருக்கிற இரத்தத்தோடு யாரும் கதைக்கத் தேவையில்லை.

ஆனால் அந்தக் காலை அத்தோடு முடியவில்லை. அவர்கள் மேலே போனதும் அம்மா என் அறைக்கு வந்தார். நான் கட்டிலில் இருந்தேன். கோபத்தில் வருவார், எனக்காக மேலே ஏறிப் போய் நாலு கேள்வி கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அம்மாவின் முகம் பூரித்துப் போயிருந்தது. பக்கத்தில் இருந்து, மெல்லிய குரலில் கேட்டார்.

"உன்ரை முடிவு எப்ப வரும்?"

"என்ன முடிவம்மா?"

"எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியே? அவ தன்ரை மகளை நேர்முகத்துக்குக் கூட்டிக்கொண்டு போக, வேலை மாறித் தரச்சொல்லி என்னட்டைத்தான் கேட்டவ. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ எண்டு கையைப் பிடிச்சவ. இண்டைக்கு உனக்கு முன்னாலை எனக்கும் தெரியாத மாதிரிக் கதைச்சவ. அப்பவே விளங்கிட்டுது, நீயும் போட்டிருக்கிறாய் எண்டு. ரெண்டு பேரும் ஒண்டாத்தானே படிச்சனீங்கள். நீ வாய் திறக்கேல்லை, நானும் கேக்கேல்லை. தாயின்ரை நாவூறுதான் பொல்லாதது. நீ ஒரு நாள் வடிவா வெளிக்கிட்டு ஓர்ஹுஸுக்குப் போனியெல்லே, அண்டைக்கு உன்ரை நேர்முகம் எண்டு நான் பச்சைத் தண்ணியும் பல்லிலை படாமல் விரதம் இருந்தனான்."

ஓர்ஹுஸுக்கு நான் போனது தொப்பி போடுகிற விழாவுக்கு வெள்ளைச் சட்டை வாங்குவதற்கு. முழு நாளும் கடை கடையாக ஏறி இறங்கி, கோப்பி குடித்து, பேஸ்ட்ரி தின்றுவிட்டு வந்தேன். அம்மா அதே நேரம் நீராவி பறக்கிற சமையலறையில் வெறும் வயிற்றோடு நின்றிருக்கிறார். மேல்வீட்டுக்காரி கேட்டதற்காக, என் கண்ணுக்கு முன்னால் அந்த இரகசியத்தையும் மாதக்கணக்காகப் பொத்திவைத்திருக்கிறார். ஒரு சொல் கேட்டிருக்கலாம். ஒரே ஒரு சொல். எனக்கு அம்மாவைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது, பிடித்து உலுப்பவேண்டும் போலவும் இருந்தது.

"நான் போடேல்லை அம்மா" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தார். முடிவு எல்லாருக்கும் ஒரே நாளில்தான் வரும் என்பது அவருக்குத் தெரியாது.

"உண்மையா அம்மா. நான் ஒண்டுக்கும் போடேல்லை."

அம்மா கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே என் கன்னத்தைத் தட்டினார்.

"சரி, சரி. கையிலை கிடைக்கும்வரைக்கும் எனக்கும் சொல்லாதை. அதுதான் நல்லது."