யன்னல் இல்லாத பக்கம்

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது எங்கள் குடும்பக் கோயில் ஓர் ஆங்கிலப் பிரபுவின் வீடாக இருந்தது. கேட்டால் சிரிப்பீர்கள். அப்பாவும் சிரிக்கத்தான் செய்தார்.

ஸ்ட்ரெதம் என்ற ஆங்கில ஊரில் ஒரு கடைக்கு மேலே குடியிருந்தோம். அம்மா வேலைக்குப் போகும் பஸ் ஒரு பூங்காவைத் தாண்டிப் போகும். மரங்களுக்கு மேலே அந்தப் பழைய கோபுர வீடு தலை நீட்டிக்கொண்டு நிற்கும். அதைக் கண்டதும், உள்ளே பிள்ளையார் இருப்பதுபோல, அம்மா இரண்டு கையாலும் தலையில் குட்டிக் கும்பிடுவார். பக்கத்து இருக்கை வெள்ளைக்காரிகள் தலையிடி என்று நினைத்திருக்கக்கூடும். கோபுர தரிசனம் கோடி புண்ணியம். யாருடைய கோபுரம் என்று பழமொழியில் சொல்லியிருக்கவில்லை.

அம்மாவுக்குப் புண்ணியம் அவசரமாகத் தேவைப்பட்டது. அவருடைய ஒரே தம்பி, என் மாமா, களவாக வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டு மாதக்கணக்காகிவிட்டது. எந்த நாட்டில் நிற்கிறார் என்றே தெரியாது. மாமா வந்து சேரவேண்டும் என்று கோபுரத்தைச் சுற்றிக் கும்பிடுவதாக அம்மா நேர்ந்துவைத்திருந்தார்.

"இஞ்சேரும், அது ஆரோ பிரபு கட்டின வீடு. சுவருக்குள்ளை கக்கூசும் இருக்குதாம்" என்று அப்பா பகிடி பண்ணுவார்.

"இருக்கட்டுமப்பா. இவ்வளவு உயரத்துக்குக் கட்டினவன் மேலை பாத்துத்தானே கட்டியிருப்பான்."

ஆண்டில் ஒருநாள் கவுன்சில் அதை மக்களுக்குத் திறந்துவிடும். அன்று காலை அம்மா குளித்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. அப்பா எடுத்து "ஓம், ஓம்" என்று மட்டும் சொல்லி வைத்தார். பிறகு அம்மாவிடம், "வெளிக்கிடும், இண்டைக்கு உம்மடை கோபுரத்துக்குப் போவம்" என்றார். பகிடி பண்ணியவரே கூப்பிட்டதில் அம்மாவுக்குத் தலைகால் புரியாத சந்தோசம்.

மழை தூறிக்கொண்டிருந்தது. சுவர் முழுக்கச் சக்கிமுக்கிக் கல். பிளந்த முகங்கள் நனைந்து கறுப்பாக மினுங்கின. கிட்டப் போனால் நூறு கண்கள் என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. அந்தக் கல்லை வைத்து மூலை கட்ட முடியாதாம், அதனால் மூலைகள் மட்டும் சிவந்த செங்கல். அம்மா சப்பாத்தைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஈரப் புல்லில் நடக்கத் தொடங்கினார். அப்பா குடையோடு கீழேயே நின்றுகொண்டு என்னைப் பார்க்க வந்திருந்த மற்றக் குடும்பங்களின் பிள்ளைகளோடு மேலே அனுப்பினார்.

உள்ளே படிகள் சுழன்று சுழன்று ஏறின. அறைக்கு மேல் அறை. கல்லின் குளிரும் பழைய புகையின் மணமும். உச்சி அறைச் சுவர் அவ்வளவு தடிப்பு, நான் யன்னலுக்குள் ஏறிப் படுத்துக்கொள்ளலாம். வெளிப்பக்கம் கீறல்போல ஒடுங்கிய அந்த யன்னலால் பார்த்தேன். கீழே அம்மா, சின்னதாக, கைகூப்பியபடி போனார். மறைந்தார். அடுத்த யன்னலுக்கு ஓடினேன், அங்கே வந்தார். அதற்கடுத்ததற்கும் ஓடினேன். நாலாவது பக்கம் பெரிய அடுப்பும் புகைபோக்கியும்தான், யன்னல் இல்லை. அங்கே அம்மா தொலைந்துபோவார். நான் மூச்சுப்பிடித்துக் காத்திருப்பேன். மறுபடி முதல் யன்னலில் தோன்றுவார். உலகத்தில் அவ்வளவு நல்ல விளையாட்டு இல்லை. கனவில் ஓடுவதுபோல் கால் நோகவேயில்லை.

கடைசிச் சுற்று முடிந்து அம்மா விழுந்து கும்பிட்டு எழுந்தார். அப்போது அப்பா அவர் முழங்கையைப் பிடித்து, ஏதோ சொல்லியபடி, யன்னல் இல்லாத பக்கத்துக்கு மெல்லக் கூட்டிக்கொண்டு போனார்.

காத்திருந்தேன். வரவில்லை.

"நான் தோத்திட்டன், வெளியிலை வாங்கோ!" என்று கத்தினேன்.

மாமா இனி வரமாட்டார் என்பது எனக்குத் தெரியாது. அம்மாவின் நேர்த்தி முடியட்டும் என்று அப்பா அந்தச் செய்தியைக் காலையிலிருந்து வாய்க்குள்ளேயே வைத்திருந்தார் என்பதும் தெரியாது. அப்பா மட்டும் மூலையில் தலைகாட்டி, பொறு என்று கைகாட்டிவிட்டுத் திரும்பவும் மறைந்தார். பெரியவர்கள் இருவர் சேர்ந்து ஒரு பிள்ளையிடம் ஒளித்து விளையாடுவது நியாயமா என்று எனக்குச் சரியான கோபம்.