பீரோ பக்கம் விழுந்த கோல்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கீழப்பழுவூரில் எங்கள் வீட்டு டி.வி. முன்னால் நடந்தது இது. இப்போதும் தெருவில் யாராவது சர்க்கரை என்று சொன்னால் எனக்கு முகம் சிவந்துவிடும்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். எதற்கெடுத்தாலும் பயம். கேஸை மூடினேனா என்று மூன்று தடவை பார்ப்பேன். பஸ் வந்து நின்ற பிறகும், பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி ஓடுவேன். அப்படிப்பட்டவளின் ஒரே மகன் கால்பந்து ஆடுவதையே தொழிலாக வைத்துக்கொண்டான். பன்னிரண்டு வயதில் விளையாட்டு விடுதிக்குப் போனவன், பிறகு வெளிமாநில கிளப்புகளில் சம்பளத்துக்கு ஆட ஆரம்பித்தான். டிஃபென்டராம். பின்னால் நின்று தடுக்கிற ஆள்.

அவன் ஆடி நான் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூட நாளில் ஒரு தடவை போனேன். கால் உடைந்த வேறொரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதோடு சரி. போனில் மட்டும் இரண்டு கேள்வி கேட்பேன்.

"கோலு போட்டியா தம்பி?"

"இல்லம்மா."

"அடி கிடி ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகலம்மா."

பத்து வருடமாக இதே பேச்சு. ஜாக்கெட் வாங்க வருகிறவர்களும் அதையேதான் கேட்பார்கள், "ஒம் மவன் எத்தனை கோலு போட்டுருக்கான்?" என்று. நான் ஊசியில் நூல் கோர்ப்பது போலத் தலையைக் குனிந்துகொள்வேன்.

அந்த வருடம் அவனுக்கு இருபத்தொன்பது வயது. முட்டியில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அந்த சீசனோடு கிளப்பில் ஒப்பந்தம் முடிகிறது. கடைசி சில ஆட்டங்களைப் பார்த்துவிட்டுத்தான் வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று சொல்வார்களாம். அனுப்பிவிட்டால் அந்த முட்டியோடு இன்னொரு இடம் கிடைப்பது கஷ்டம். இதை அவன் அப்பாவிடம்தான் சொன்னான். அவர் சாப்பிடும்போது என்னிடம் சொல்லிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு தடவையாவது அவன் ஆட்டத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

பக்கத்து வீட்டுப் பெண் காலேஜில் படிக்கிறாள். அவள்தான் வந்து டி.வி.யில் ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தாள்.

"அத்தை, நல்லாப் பாத்துக்குங்க. ஜன்னல் பக்கம் இருக்குல்ல, அது நம்ம கோலு. அதுல பந்து விழக்கூடாது. பீரோ பக்கம் இருக்குறது அவங்களுது. அதுல விழுந்தா நமக்கு."

ஜன்னல் நம்முடையது, பீரோ அவர்களுடையது. பாடம் போல மனதில் ஏற்றிக்கொண்டேன். பத்து நிமிடத்தில் யாரோ என் மகன் மேல் மோதினார்கள். நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். அந்தப் பெண் பாதி ஆட்டம் பார்த்துவிட்டு, "படிக்கணும் அத்தை" என்று கிளம்பிவிட்டாள். என் வீட்டுக்காரர் சிமென்ட் ஆலையில் ஷிப்டில் இருந்தார். தனியாக இருக்கப் பயமாக இருந்தது. பார்க்காமல் இருக்க அதைவிடப் பயம். மறுபடியும் வந்து உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அது நடந்தது. பீரோ பக்கம் ஒரே கூட்டம். நடுவில் என் மகன் காலை நீட்டினான். பந்து அவன் காலில் பட்டு நேராக வலைக்குள் போனது. டி.வி.யில் அவன் பெயரைப் போட்டார்கள். அவன் புல்லில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான். சந்தோஷத்தில் அழுகிறான் என்று நானும் அழுதேன்.

சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன். "எம் மவன் கோலு போட்டுட்டான்" என்று வீடு வீடாகச் சொல்லி, ஆளுக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் கையில் போட்டேன். டீக்கடையில் நின்றவர்களுக்குக்கூடக் கொடுத்தேன். பத்து வருடக் கேள்விக்கு ஒரே நாளில் பதில் சொன்ன மாதிரி இருந்தது.

விளக்கு வைத்த பிறகு அவனே போன் செய்தான். பேச விடாமல் நானே ஆரம்பித்தேன். "சாமி, கோலு போட்டுட்டியேடா! தெரு பூரா சர்க்கரை குடுத்துட்டேன்!"

 அவன் மெதுவாகச் சொன்னான்.

"அது நம்ம கோலும்மா. என் கால்ல பட்டு நம்ம கோலுலயே விழுந்துருச்சு. தோத்துட்டோம்."

"இல்லடா, பீரோ பக்கம்தான் விழுந்துச்சு. நான் பாத்தேனே."

"பாதி ஆட்டம் முடிஞ்சதும் பக்கம் மாத்திக்குவாங்கம்மா."

"எதுக்கு மாத்துறாங்க?"

"வெயிலு, காத்து எல்லாம் ரெண்டு பேருக்கும் சமமா இருக்கணும்ல."

டப்பா இன்னும் என் கையில்தான் இருந்தது. "தெரு பூராவாம்மா?" என்று கேட்டான். "டீக்கடை வரைக்கும்" என்றேன். அவன் சிரித்தானா அழுதானா தெரியவில்லை, ஒரு சத்தம் மட்டும் கேட்டது. "அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டான்.

மூன்று நாள் போனே இல்லை. என் மண்டையில் ஓடாத நினைப்பு இல்லை. அடுத்த ஆட்டம் சென்னையில் என்று கேள்விப்பட்டதும், அவனிடம் சொல்லாமல் நானும் என் வீட்டுக்காரரும் அரியலூரில் ரயில் ஏறினோம்.

மைதானத்தில் உட்கார்ந்ததும் அவர் ஆரம்பித்துவிட்டார். "கத்துறதா இருந்தா, எந்தப் பக்கம்னு என்னையக் கேட்டுட்டுக் கத்து."

நான் பந்தையே பார்க்கவில்லை. என் மகனை மட்டும் பார்த்தேன். அவன் என்னதான் செய்கிறான் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பந்து அந்தக் கோடியில் இருக்கும். எல்லாரும் அங்கே பார்ப்பார்கள். இவன் மட்டும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பின்னால் பார்க்கிறான். ஒருவனை இங்கே வா என்கிறான், இன்னொருவனை அங்கே போ என்கிறான். மறுபடியும் பின்னால் பார்க்கிறான். ஒரு தடவை காலியாகக் கிடந்த இடத்துக்கு ஓடிப் போய் நின்றான். பந்து வைத்திருந்த எதிர் டீம்காரன் அங்கே பந்தைத் தள்ளத்தான் காலைத் தூக்கினான். இவனைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் தள்ளிவிட்டான். யாரும் கை தட்டவில்லை. நடந்தது யாருக்கும் தெரியவே இல்லை.

"என்னங்க இவன், இப்படித் திரும்பித் திரும்பிப் பாக்குறான்?" என்றேன்.

"கேஸு மூடியிருக்கான்னு பாக்குறான்" என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அதற்கப்புறம் அவனைப் பார்க்கப் பார்க்க உடம்பு சிலிர்த்தது.

ஆட்டம் இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் முடிந்தது. "ஒண்ணுமே நடக்கல மச்சான், செம போரு" என்று பின்னால் இருந்த பையன்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்தார்கள்.

வாசலில் எங்களைப் பார்த்ததும் மகன் அப்படியே நின்றுவிட்டான். முட்டியில் ஐஸ் கட்டியிருந்தது. முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அன்னைக்கு ரூம்ல ஒருத்தனும் எங்கூடப் பேசலம்மா. போன்ல கண்டவனும் திட்டி எழுதியிருந்தான். அப்ப ஒரே ஒரு தெருவுல மட்டும் எம் பேரச் சொல்லி சர்க்கரை தின்னுருக்காங்க. பசங்ககிட்ட சொன்னேன், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்பறம்தான் எனக்கே சோறு இறங்குச்சு."

அந்தக் காலி இடத்துக்கு ஏன் ஓடினாய் என்று கேட்டேன். அதைக் கவனித்தேன் என்பதே அவனுக்கு ஆச்சரியம். "அங்க பந்து வந்துட்டா என்ன ஆகும்னு நெனப்பேம்மா. நெனச்சதும் கால் போயிரும்." தொண்ணூறு நிமிடமும் அதே நினைப்பா என்றேன். ஆமாம் என்றான்.

அந்தக் கிளப் அவனை வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்றுமே நடக்காத அந்த ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த வேறொரு கிளப்காரர், அவனை இரண்டு வருடத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டார். இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறான்.

தெருவில், "என்னக்கா, இந்த வாரம் சர்க்கரை உண்டா?" என்று கேட்பது இன்னும் நிற்கவில்லை. நானும் போனில் முதல் கேள்வியை விட்டுவிட்டேன். ஒண்ணும் ஆகலையே என்று மட்டும்தான் கேட்கிறேன். ஒண்ணும் ஆகலம்மா என்று அவன் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை தெரிகிறது. ஒன்றும் ஆகாமல் ஒரு நாள் கழிவதற்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது, கேஸை மூன்றாம் தடவை பார்த்துவிட்டுப் படுக்கிற எனக்குத் தெரியாதா என்ன?