குழாய்ப்பூவும் நீல மருந்தும்

மீன்காட்சிக்கூடத்தில் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவளை எல்லோரும் தொட்டியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கட்டினவன் பாதியிலேயே கைகழுவிவிட்டுப் போய்விட்டான். பெற்ற மகளோ கண்காணாத ஊரில். பேச்சுத்துணைக்கு மிஞ்சியது கடைசித் தொட்டியில் இருந்த குழாய்ப்பூதான்.

பூ என்பது பேருக்குத்தான், அது உயிர்ப்பிராணி. மற்ற கடற்பூக்கள் பாறையை இறுகப் பிடித்துக்கொள்ளும். இதற்கு ஒட்டிக்கொள்ள அடிப்பாதமே கிடையாது. கூரான வால்பக்கத்தால் சேற்றைத் துளைத்து இறங்கும். உடம்பிலிருந்தே நூல் நூலாக விட்டு, சேற்றையும் சேர்த்துப் பின்னி, தன்னைவிட நீளமாக ஒரு குழாய் கட்டி உள்ளே குடியிருக்கும். ஒரு நிழல் ஆடினால் போதும், சட்டென்று உள்ளே போய்விடும். வெளிச்சம் அடங்கிய பிறகே வெளியே வரும். ஓரத்தில் நீள விரல்கள், வாயைச் சுற்றிக் குட்டை விரல்கள்.

"காலித் தொட்டியப் பார்க்கவா டிக்கெட்டு?" என்று யாராவது கேட்டால், "உங்க மூஞ்சி பிடிக்கலையாம், நான் என்ன பண்ணட்டும்?" என்பாள். சாயங்காலம் விளக்கைக் குறைத்துவிட்டு இறால் துண்டை இடுக்கியில் நீட்டுவாள். "மகாராணி எழுந்தாச்சா? சாப்புடுடி." அதற்கு அவள் மகளைவிட வயது அதிகம்.

கூடம் புதுக் கட்டடத்துக்கு மாறியது. வெள்ளை மணலை மெலிதாகத் தூவினால் அழகாக இருக்கும் என்றார் மேலாளர். "ஆழமாச் சேறு இல்லேன்னா செத்துடும் சார்" என்று ஒற்றைக்காலில் நின்று சாதித்தாள். குழாய் கிழியாமல் சேற்றோடு அள்ளி வந்து இறக்கினாள். மூன்றாம் நாள் அது விரிந்ததைப் பார்த்து, கூட்டத்துக்கு நடுவே ஓவென்று அழுதாள்.

அடுத்த மாதம் பக்கத்துத் தொட்டி மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. தாமிரம் கலந்த நீல மருந்துதான் அதற்கு எப்போதும் கொடுப்பது. புட்டியைத் திறந்தாள், ஊற்றினாள். பழைய கட்டடத்தில் தொட்டிக்குத் தொட்டி தனித் தண்ணீர். இங்கே எல்லாத் தண்ணீரும் சுவருக்குப் பின்னால் ஒன்றாகக் கலந்து திரும்பும். தண்ணீர்க்குழாய் போட்டவர் சொல்லியிருந்தார், இவளும் தலையாட்டியிருந்தாள். அறிவுக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை, பாவி!

மீனுக்கு மருந்து, பூவுக்கு நஞ்சு. சாயங்காலம் இறாலை நீட்டியபோது அது வெளியே வரவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "அய்யோ, என்ன காரியம் பண்ணிட்டேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டு தண்ணீர் முழுவதையும் மாற்றினாள். சேறு குடித்த தாமிரத்தை எப்படி மாற்றுவது? அவள் போராடி வாங்கிய அதே சேறு. நான்காம் நாள் குழாயின் வாயில் விரல்கள் கூழாகித் தொங்கின.

மேலாளர் வந்து பக்கத்துத் தொட்டியைப் பார்த்தார். மீன்கள் பளபளவென்று நீந்திக்கொண்டிருந்தன.

"ஒரு மீன்கூடச் சாகலையே! கைராசிக்காரிதான்க்கா நீங்க."

"அது செத்துப்போச்சு சார். நான்தான் கொன்னேன்."

"எது, அந்தச் சேத்துப் பூவா? அட, வயசாயிடுச்சு, போச்சு. நீங்க ஏன் மனசைப் போட்டு உழப்பிக்கிறீங்க? வேற வாங்கிக்கலாம்."

அவர் ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவர் சிரித்துக்கொண்டே அடுத்த தொட்டிக்கு நகர்ந்தார்.